பன்னிரண்டாயிரம் பேருக்கு ஒரே கோடை

நெருப்பு மூட்டப்பட்ட நாளுக்கும் சக்கரம் உருட்டப்பட்ட நாளுக்கும் அடுத்தபடியாக மனிதகுலம் நினைவில் கொள்ளவேண்டிய செய்தி ஒன்றை, மாநில மருத்துவ மாணவர் கோடை ஆய்வுப் பயிற்சி வாரியம் இதன்மூலம் வெளியிடுகிறது. இவ்வாண்டின் ‘தலைசிறந்த கோடை’ தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டது. அக்கோடை வருகிற தை மாதம் மாநிலத்தின் பன்னிரண்டாயிரம் மருத்துவ மாணவர்களின் மூளையிலும் ஒரே நாளில், ஒரே நல்ல நேரத்தில், கட்டணமின்றி ஊற்றப்படும். கல்லூரி முதல்வர்கள் இதை மாணவர்களை எழுந்து நிற்கவைத்து வாசிக்கவும். உட்கார்ந்திருப்போரின் பெயர்களை வாரியத்துக்கு அனுப்பவும்.

சென்னைக்குப் பக்கத்தில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியின் மெஸ்ஸில், ஒலிபெருக்கி இதை முழங்கியபோது மூன்றாம் ஆண்டு மாணவி ஜெசிந்தா ரவா கிச்சடித் தட்டோடு எல்லாரையும்போல எழுந்து நின்றாள். முடிவில், தேர்வான கோடைக்குச் சொந்தக்காரி என்று தன் பெயர் வந்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னடி உக்காந்துட்ட? ஒன் பேருடி! ஒன் பேரத்தான் சொல்றாய்ங்க!” என்று முதுகில் ஓர் அறை வைத்தாள் அறைத்தோழி முத்தரசி. மதுரைக்காரி, சந்தோஷத்தையும் கையால்தான் தெரிவிப்பாள்.

“கேட்டுச்சு. அதனாலதான் உக்காந்தேன்,” என்றாள் ஜெசிந்தா.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் கோடை ஆய்வுப் பயிற்சி என்பது மாமா உள்ளவர்களுக்கு வாய்ப்பது. மாமா ஏதாவதொரு பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் இருப்பார். மருமகன் மே, ஜூன் இரண்டு மாதமும் அங்கே போய்ச் சோதனைக் குழாய் கழுவுவான். அவன் கழுவிய குழாயில் எவரோ எதையோ கண்டுபிடிக்க, கட்டுரையில் ஒன்பதாவது பெயராக அவன் பெயரும் ஏறும். அந்த ஒன்பதாவது பெயர் மேற்படிப்பு நேர்காணலில் அவனுக்காகப் பேசும். வழிகாட்டியின் சிபாரிசு வெளிநாட்டில் பேசும். பத்து வருடம் கழித்து அவனே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் உட்கார்ந்து இன்னொருவனுக்கு மாமாவாகிவிடுவான். மாமா இல்லாதவர்கள் கோடையில் ஊருக்குப் போய் மாம்பழம் சாப்பிட்டார்கள்; பிறகு ஆயுள் முழுக்கக் காய்ச்சலுக்கு மாத்திரை எழுதினார்கள்.

இந்த அநியாயத்தைத் தொப்பி வந்து தீர்த்தது. பயிற்சிக்குப் போகிறவர்களின் தலையில் வெங்காய மூட்டை வலை மாதிரி ஒரு மெல்லிய தொப்பியை மாட்டிவிடுவார்கள். எட்டு வாரமும் மூளையில் பதிவதையெல்லாம் அது அளந்துகொண்டிருக்கும். யார் தலையில் அளவுமானியின் முள் அதிகம் எகிறியதோ அவருடைய கோடைதான் தலைசிறந்த கோடை. அதை எடுத்து எல்லா மாணவர்களின் தலையிலும் ஊற்றிவிட்டால் எல்லாருக்கும் ஒரே அனுபவம், ஒரே உற்சாகம், ஒரே எதிர்காலம். சமத்துவம் என்றால் அதுதானே?

சில சில்லறைச் சங்கடங்கள் இருந்தன. ஒரு வருடம் இதய ஆய்வுக்கூடத்துக் கோடை ஒன்று தேர்வானது. பன்னிரண்டாயிரம் பேருக்கும் ஒரே நாளில் இதயத்தின்மேல் காதல் வந்து, பிரசவம் பார்க்கப் படிக்க ஆள் இல்லாமல் போனது. அடுத்த வருடம் கண். புதியது ஊற்றினால் பழையது மங்கிவிடும் என்பதால், இதயத்துக்கு உயிரைக் கொடுப்பேன் என்றவர்கள் தை பிறந்ததும் கண்ணுக்குக் கொடுத்தார்கள். நேர்காணலுக்கு வருகிறவர்களெல்லாம் ஒரே மழை நாள், ஒரே வழிகாட்டி, ஒரே கண்ணீர் என்று கதை சொல்ல, கேள்வி கேட்கிற பேராசிரியர்கள் மீதியைத் தாங்களே முடித்துவைத்தார்கள்.

உள்ளே இருக்கும் கோடை எப்படிப்பட்டது என்று ஊற்றும்வரை யாரும் பார்க்க முடியாது, அந்தரங்கச் சட்டம். முள் எந்த நாள், எந்த வேளையில், எவ்வளவு எகிறியது என்பது மட்டுமே வாரியத்துக்குத் தெரியும். முள்ளுக்கோ ஆனந்தமும் ஆத்திரமும் ஒன்றுதான்.

இன்னொரு சங்கடத்தை வாரியம் அறிவிப்பில் போடுவதில்லை. அதை மறுநாள் ஜெசிந்தாவின் தலையை அளக்க வந்த டெக்னீஷியன் சொன்னார்.

“எல்லாரும் காப்பி-பேஸ்ட்டுன்னு நெனச்சுக்கறாங்கம்மா. கிடையாது. கட்-பேஸ்ட்டு. உங்க தலைலேர்ந்து எடுத்தா அங்க இருக்காது.”

“எட்டு வாரமுமா?”

“எட்டு வாரமும். தூங்கி எழுந்த மாதிரி இருக்கும். வலிக்காது.”

“எல்லாருக்கும் ஊத்தும்போது எனக்கும் கொஞ்சம் ஊத்தினா?”

“எடுத்த எடத்துல திரும்ப ஒட்டாதும்மா. ஆனா கவலைப்படாதீங்க, பதிலுக்கு எந்தப் பிரிவுல கேட்டாலும் மேற்படிப்பு சீட்டு. நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் எடுப்பாங்க,” என்று ஆறுதல் சொல்லிவிட்டு அளவு நாடாவைச் சுருட்டினார்.

போன வருடத்துத் தலைசிறந்த கோடைக்குச் சொந்தக்காரியான சாருமதி அதே கல்லூரியில் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தாள். சொந்தக்காரி என்பது மரியாதைக்குச் சொல்வது. அவளைத் தவிர மற்ற எல்லாரிடமும் அந்தக் கோடை இருந்தது. ஜெசிந்தாவிடமும் மங்கலாக இருந்தது: இருட்டான ஸ்கேன் அறை, வெளியே மழை, திரையில் ஒரு சிசுவின் இதயம் பொட்டுப்போல் துடிப்பதைக் கண்டுபிடித்த கணம், தோளைத் தட்டிய வழிகாட்டி சொன்ன ஒரு வாக்கியம். ‘நீ இதுக்குன்னே பொறந்தவம்மா.’ பன்னிரண்டாயிரம் பேர் அதைத் தங்களுக்கென்றே சொல்லப்பட்டதாக வைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

நூலக வாசலில் ஜெசிந்தா அவளைப் பிடித்தாள்.

“அக்கா, குடுத்தப்பறம் எப்படி இருக்கும்?”

சாருமதி சிரித்தாள். “நல்லாத்தான் இருக்கேன். ரேடியாலஜி சீட்டு உறுதியாயிடுச்சு. அம்மாவுக்கு ரொம்பப் பெருமை.”

“உங்களுக்கு?”

“கேட்டு வாங்கினது நான்தானாம். ஏன் கேட்டேன்னு தெரியலை.” புத்தகத்தை மறுகைக்கு மாற்றினாள். “ஜூனியர்ஸ் வந்து சொல்வாங்க, ‘அக்கா, அந்த மழை நாள் இருக்கே’ன்னு. நானும் தலையாட்டுவேன். பக்கத்து வீட்டுக் கல்யாண வீடியோ பாக்கற மாதிரி இருக்கும். நல்ல கல்யாணந்தான். ஆனா யாரோடதோ.” பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள். “அவர் அன்னிக்கு எங்கிட்ட என்னமோ சொன்னாராமே. எந்தக் கையால தோளைத் தட்டினார்? உனக்கு ஞாபகம் இருக்கா?”

“இடது கை அக்கா. வலது கையில டீ வச்சிருந்தார்.”

“ஓ,” என்றாள் சாருமதி. அதைப் பத்திரப்படுத்திக்கொள்வதுபோல் தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அன்றைக்கே ஜெசிந்தா தீர்மானித்துவிட்டாள். கொடுக்கப்போவதில்லை. அதைச் சொல்லத்தான் வாரிய அலுவலகத்துக்குப் போனாள்.

வாரியத் தலைவர், மருத்துவச் செம்மல், ஆய்வுப் பேரொளி, வாழும் ஸ்டெதஸ்கோப், டாக்டர் திருவேங்கடநாதன் அவர்களின் அறைக்கதவு அகலமானது. பட்டங்களை எழுத வேறு இடம் இல்லை. உள்ளே சுவரில் ஜெசிந்தாவின் மூளை வரைபடம் கண்ணாடி போட்டு மாட்டப்பட்டிருந்தது. பூமாலைதான் பாக்கி.

“வாம்மா வா. இங்க பார், இந்த எகிறலை. ஒன்பது வருஷத்துல இப்படி ஒண்ணை வாரியம் பார்த்ததில்லை. என்ன தேதி? மே இருபது. என்ன வேளை? மதியம் ரெண்டு மணி. அன்னிக்கு அந்த நேரத்துக்கு உங்க ஆய்வுக்கூடத்துல யார் இருந்தாங்க?”

“நீங்க இருந்தீங்க சார்.”

“நான் இருந்தேன்!” நாற்காலியில் அவர் இன்னும் கொஞ்சம் அகலமானார். “பேசிண்டிருந்தேன். மூணாவது பகுதின்னு நினைக்கறேன். அதுலதான் முள் எகிறியிருக்கணும்.”

ஜெசிந்தாவுக்கு அந்த மதியம் கண்முன் வந்து நின்றது.

தூத்துக்குடிப் பக்கம், உப்பளங்களை ஒட்டிய ஒரு சிறிய அரசு மருத்துவமனை. மாமா இல்லாததால் அவளுக்குக் கிடைத்த இடம் அது. சொந்த ஊர்ப் பக்கம் என்பதால் அவளும் முகம் சுளிக்கவில்லை. வெயிலில் நின்று உப்பு வாருகிறவர்களின் சிறுநீரகம் கோடையில் என்ன பாடுபடுகிறது என்பதுதான் ஆய்வு. வேலைக்கு இறங்குமுன் கொஞ்சம் இரத்தம், ஏறியபின் கொஞ்சம். எடுத்த இரத்தத்தையெல்லாம் ஆய்வுக்கூடத்தின் ஒரே ஃப்ரீசரில் சேர்த்துவைத்து, கடைசியில் மொத்தமாகச் சோதிக்க வேண்டும். ஃப்ரீசருக்குக் கதவு ரப்பர் போய்விட்டிருந்தது. அறைக்கு ஒரே ஒரு பிளக் பாயின்ட்.

உப்பளத்தில் சந்தனமாரி என்று ஒருத்தி. ஊசியைக் கண்டாலே கண்ணை இறுக மூடிக்கொள்வாள். வாயை மட்டும் மூடமாட்டாள். “எங்க ரத்தத்த வச்சி எந்த ஊருல கொழம்பு வைக்கப் போறிய தாயி? உப்பு மட்டும் பாத்துப் போடுங்க, அதுல ஏற்கெனவே கெடக்கு.” ஆனாலும் வாராவாரம் முதல் ஆளாகக் கையை நீட்டுவாள். கூட இருப்பவர்களையும் இழுத்துக்கொண்டு வருவாள்.

மே இருபது காலை ஒன்பது மணிக்குத் தலைவர் வருவதாக ஏற்பாடு. குத்துவிளக்கு, பொன்னாடை, மைக் செட். செட்டுக்காரர் விடியும்போதே ஃப்ரீசர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பாட்டுப் போட ஆரம்பித்தார். தலைவர் பன்னிரண்டரைக்கு வந்தார். உப்பளத்திலிருந்து இரத்தம் எடுத்த குழாய்களோடு திரும்பிய ஜெசிந்தா உள்ளே நுழைந்தபோது, ‘ஆய்வில் நேர்மை’ என்ற தலைப்பில் அவர் பேச்சு சூடுபிடித்திருந்தது. ஃப்ரீசரின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து, பேசுகிறவரின் பளபளப்பான ஷூவுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. பிளக்கைக் காட்டி அவள் சைகை செய்தாள். தலைவர் மைக்கிலேயே சொன்னார்: “இருக்கட்டும்மா. கொஞ்ச நேரத்துல ஒண்ணும் கெட்டுப்போயிடாது.” கூட்டம் கைதட்டியது. எல்லாம் அதற்குமுன்பே கெட்டுப்போயிருந்தது.

பேச்சு முடிந்ததும் அவள் எழுந்து விஷயத்தைச் சொன்னாள். நேர்மைக்காகப் போர்த்தப்பட்ட பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு அவர் புன்னகைத்தார். “இதுக்குப் போய் அழுவாங்களா? போன வருஷம் வேற எங்கேயாவது எடுத்த கணக்கு இருக்கும். அங்கங்க ரெண்டை மாத்திப் போட்டுடு. யாருக்குத் தெரியப் போறது?”

“முடியாது சார்.”

வழிகாட்டி டாக்டர் ஹமீதா அவள் துப்பட்டாவைப் பின்னாலிருந்து இழுத்தார். ஓய்வுபெற அவருக்குக் கொஞ்ச காலமே பாக்கி. “பேசாம இரும்மா,” என்றார் காதருகே.

“முடியாது சார். ரத்தம் குடுத்தவங்களுக்கு நான் பதில் சொல்லணும்லா.”

முள் எகிறியது அங்கேதான். தலைவர் சாப்பிடப் போய்விட்டார். சாயங்காலம் அவள் உப்பளத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். சந்தனமாரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். “அப்போ மறுபடியும் குத்தணும்னுதியா? இந்தா, குத்து,” என்று கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். மறுநாள் விடிகாலையில் டாக்டர் ஹமீதாவும் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வரப்பில் நின்றார். மிச்சமிருந்த நாட்களில் கிடைத்ததை வைத்து, ‘ஆய்வு முழுமையடையவில்லை’ என்று உண்மையை எழுதிக் கொடுத்தார்கள். ஸ்கேன் அறைக்கென்றே பிறந்திருந்த ஜெசிந்தா அந்தக் கோடையில்தான் சமூக மருத்துவம் படிப்பது என்று முடிவு செய்தாள். அந்தப் பிரிவுக்கு யாரும் போட்டி போடுவதில்லை. அவள் வகுப்பில் பலருக்கு அப்படியொரு பிரிவு இருப்பதே தெரியாது.

“என்னம்மா, உணர்ச்சிவசப்பட்டுட்டியா?” என்றார் தலைவர். “அன்னிக்கும் அப்படித்தான். நான் முடிச்சதும் எழுந்து கண்கலங்க என்னமோ சொன்னியே. நன்றியுரைதானே அது?”

ஜெசிந்தா அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். நடிப்பு இல்லை. அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை.

“யோசிச்சுச் சொல்லுதேன் சார்,” என்று எழுந்துவிட்டாள்.

வெளியே டீக்கடையில் முத்தரசி காத்திருந்தாள். “என்னடி, மூஞ்சில அடிச்ச மாதிரி முடியாதுன்னு சொல்லிட்டியா?”

“இல்லட்டி.”

“ஏன்? சீட்டு போனாப் போகுது. தலைய அறுத்துக் குடுத்துட்டுத் தொப்பி வாங்குற மாதிரில இருக்கு இது.”

“ரெண்டாவதா வந்தது யாரு கோடைன்னு தெரியும்லா?”

“அந்த ஆளோட மச்சினன் மயனா?”

“அவனேதான். எட்டு வாரமும் ஏ.சி. ரூம்ல படம் பாத்தேன்னு அவனே சொல்லிட்டுத் திரியுதான். ஏதோ பேய்ப் படத்துல முள்ளு எகிறிட்டு. நான் வேண்டாம்னா அதைத்தான் ஊத்துவாவ.”

“பன்னெண்டாயிரம் டாக்டரும் பேயப் பாத்துப் பயந்து சாகட்டும். ஒனக்கென்ன?”

ஜெசிந்தா டீயைக் குடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தாள். “அவரு மறந்துட்டாருட்டி. நன்றியுரையாம்! இருக்கட்டும்னு மைக்குல சொன்னவரு ஓசியில மறந்துட்டாரு. நான் மட்டும் பொத்தி வச்சிருந்து என்ன செய்ய? ஒரு தலையில இருந்தா இது என் கோவம், அவ்வளவுதான். வயசானதும் எனக்கும் ஆறிப்போயிரும். பன்னெண்டாயிரம் தலையில இருந்தா...”

“இருந்தா?”

“தெரியல. பாப்போம்.”

“ஒனக்கு இருக்காதுலடி.”

“நீ வந்து சொல்ல மாட்டியா?”

முத்தரசிக்கு அடிக்கக் கை வரவில்லை. இன்னொரு டீ சொன்னாள்.

இரவு அம்மா போனில் வந்தாள். “ஏட்டி ஜெசி, எந்த சீட்டு கேட்டாலும் தாராவளாமே! தோலு டாக்டருக்குக் கேளு. சொந்தத்துல அம்புட்டு பிள்ளையளுக்கும் மொகப்பரு. ஏ.சி.ல உக்காந்துக்கிட்டு களிம்பு எழுதிக் குடுக்கலாம். உப்பளத்துல என்னத்தட்டி இருக்கு?”

“உப்புதாம்மா,” என்று ஜெசிந்தா போனை வைத்தாள்.

மறுநாள் வாரியத்தில் அவள் இரண்டு நிபந்தனைகள் வைத்தாள். சீட்டு சமூக மருத்துவம் என்று இப்போதே உத்தரவு போட வேண்டும். நாளைக்கு இந்தக் கோடை போனபின் தனக்குப் புத்தி எப்படி இருக்கும் என்று தெரியாது. தலைவர் பரிதாபப்பட்டுச் சரியென்றார், இரண்டாவது என்ன என்றார்.

“மே இருபதாம் தேதியில ஒரு நொடிகூட வெட்டக்கூடாது சார்.”

“வெட்டறதா?”

“சாப்பாடு, தூக்கம், சலிப்புன்னு முள்ளு அசையாத நேரம் எல்லாத்தையும் வெட்டிட்டுத்தான் ஊத்துவாங்களாம். மேடைப் பேச்சுன்னா முதல் வேலையா வெட்டிருவோம்னு டெக்னீஷியன் சொன்னாரு.”

“என் பேச்சையா?” மேசை அதிர்ந்தது. “யாருய்யா அங்க! மே இருபது முழுசா போகணும். முன்னாடியும் பின்னாடியும் சேர்த்து! ஒரு இருமலைக்கூடத் தொடக்கூடாது!” முதல் சொட்டைத் தன் தலையில்தான் ஊற்ற வேண்டும் என்றும் ஆசைப்பட்டார். முப்பது வயதுக்குமேல் மூளை இறுகிவிடும், ஒட்டாது என்று டெக்னீஷியன் பணிவாக விளக்கினார். தலைவர் அதைத் தன் மூளையின் உறுதிக்குக் கிடைத்த சான்றாக எடுத்துக்கொண்டார்.

மார்கழியில் எடுத்தார்கள். தொப்பியை மாட்டிக்கொண்டு படுத்தவள், “பாதியில வேண்டாம்னு சொன்னா நிறுத்துவீங்களா?” என்று கேட்டாள்.

“முடியாதும்மா.”

“நல்ல வார்த்தை,” என்று ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டாள்.

தை மாதம் ஊற்றினார்கள். நாதஸ்வரமெல்லாம் இருந்தது.

பிறகு நடந்தவற்றை வாரியம் எதிர்பார்க்கவில்லை. கோயம்புத்தூரில் ஒரு பேராசிரியர், மாணவன் எழுதிய கட்டுரையில் வழக்கப்படி தன் பெயரையும், வழக்கத்துக்குக் கொஞ்சம் அதிகமாகத் தன் சம்சாரத்தின் பெயரையும் போடச் சொன்னார். பொள்ளாச்சிப் பையன், “ஏனுங்க” இல்லாமல் பேச்சைத் தொடங்கியறியாதவன். நிமிர்ந்து நின்று, “முடியாது சார். நாளைக்குக் கேட்டா நான் பதில் சொல்லணும்லா,” என்றான். சேலத்தில் ஆய்வு முடிவுக்கு ஒத்துவராத நோயாளிகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிடச் சொன்னபோது ஒரு வகுப்பே எழுந்து நின்றது. மாநிலம் முழுக்க இளம் மருத்துவர்கள் தூத்துக்குடி நாக்கோடு ‘முடியாது’ சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். முதல்வர்கள் வாரியத்துக்குப் புகார் அனுப்பினார்கள். தலைவர் அவற்றைப் பரவசத்தோடு வாசித்தார். “தன்னம்பிக்கை! மூணாவது பகுதி நல்லா வேலை செய்யறது!”

முத்தரசி வாக்குப்படி எல்லாவற்றையும் ஜெசிந்தாவிடம் சொன்னாள்; ஒருமுறை அல்ல, பலமுறை. பிளக்கை, ஷூவுக்கடியில் போன தண்ணீரை, துப்பட்டாவை இழுத்த கையை. சொல்லும்போது முத்தரசியின் குரல்தான் நடுங்கியது. ஜெசிந்தா கவனமாகக் கேட்டாள். “பெரிய ஆளாத்தான் இருந்திருக்கேன்,” என்றாள். பிறகு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டாள். கேட்டதெல்லாம் காதில் நின்றது; அதற்குக் கீழே இறங்கவில்லை. போகப் போகச் சமூக மருத்துவ உத்தரவைப் பார்க்கும்போது எரிச்சல் வந்தது. யாரோ ஒருத்தி தன் பெயரில் கையெழுத்துப் போட்டு உப்பளத்தில் மாட்டிவிட்டதுபோல் இருந்தது. அம்மா சொன்ன தோல் பிரிவில் என்ன குறை?

அடுத்த மே மாதம், அந்த உப்பள மருத்துவமனையில் கல்வெட்டுத் திறப்பு விழா. ‘இவ்விடத்தில்தான் டாக்டர் திருவேங்கடநாதன் அவர்கள் வரலாற்றுச் சிறப்புமிக்க உரையாற்றினார்கள்’ என்று கருங்கல்லில் பொறித்திருந்தார்கள். கோடைக்குச் சொந்தக்காரி என்ற முறையில் ஜெசிந்தாவுக்கு மேடையில் நாற்காலி. விழா முடிந்ததும் தலைவரிடம் சீட்டை மாற்றித் தரச் சொல்லிக் கேட்பது என்று முடிவு செய்துகொண்டுதான் அவள் ரயில் ஏறியிருந்தாள். துணைக்கு முத்தரசியும் வந்திருந்தாள்.

ஆய்வுக்கூட வாசலில், கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி ஒரு பெண் நின்றிருந்தாள். ஜெசிந்தாவைக் கண்டதும் முகம் மலர்ந்தாள். “வந்துட்டியா தாயி! கொழம்பு கொதிச்சிட்டா?”

ஜெசிந்தா மரியாதையாகப் புன்னகைத்தாள். “வணக்கம். நீங்க...?”

அந்தப் பெண்ணின் முகம் அப்படியே நின்றுபோனது. உள்ளிருந்து இந்த வருடத்துப் பயிற்சி மாணவர்கள் நான்கு பேர், தலையில் தொப்பியோடு ஓடிவந்தார்கள். “மாரியக்கா, வெயில்ல நிக்காதீங்க. ஊசி போட்டா மயக்கம் வரும்லா உங்களுக்கு,” என்றாள் ஒருத்தி. வேலூர்க்காரி. வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

“பாத்தியா கூத்த,” என்றாள் சந்தனமாரி, பொதுவாகக் காற்றைப் பார்த்து. “மொகம் தெரியாத பிள்ளையெல்லாம் எம்பேரச் சொல்லுது. என் கையப் புடிச்சிக் குத்துனவ, நீ யாருன்னு கேக்கா.”

ஜெசிந்தா இன்னொரு முறை மரியாதையாகப் புன்னகைத்தாள். நகர்ந்து உள்ளே போனாள்.

ஒரு வருடத்தில் அறைக்குக் கல்வெட்டு வந்திருந்தது. இரண்டாவது பிளக் பாயின்ட் வரவில்லை; இருந்த ஒன்றில் ஃப்ரீசர் ஓடிக்கொண்டிருந்தது. தலைவர் வந்து உட்கார்ந்தாயிற்று. பொன்னாடை போர்த்தியாயிற்று. செட்டுக்காரர் மைக் ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு சுவரெல்லாம் தேடினார்.

“என்னப்பா தாமதம்?” என்றார் தலைவர்.

சுவரை ஒட்டி, பிளக்குக்குப் பக்கத்தில் இருந்தது ஜெசிந்தாவின் நாற்காலிதான். பெரியவர் காத்திருக்கிறார், ஒயரை மாட்ட இடம் இல்லை, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பிளக். பலமுறை கேட்ட கதை எதுவும் அந்த நேரத்தில் உதவிக்கு வரவில்லை. “இதை எடுத்துட்டு மாட்டிக்கோங்கண்ணே,” என்று அவள் கையை நீட்டினாள்.

“முடியாது அக்கா.”

நான்கு பேரும் ஃப்ரீசருக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்கள். சத்தம் போடவில்லை. வேலூர்க்காரி பிளக்கின்மேல் உள்ளங்கையை வைத்து மூடியிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

“கொஞ்ச நேரந்தானே?” என்றாள் ஜெசிந்தா. சொல்லும்போதே அது யாரோ சொல்லிய வார்த்தைபோல் இருந்தது. பின்வரிசையில் டாக்டர் ஹமீதா தலை குனிந்துகொண்டார்.

“முடியாதுக்கா. உள்ள இருக்கிறது மாரியக்கா ரத்தம். அவங்களுக்கு நான் பதில் சொல்லணும்லா.”

பத்து நாள் பழக்கம்கூட இல்லாத ஒரு பெண்ணின் வாயிலிருந்து தன் குரல் வந்ததை ஜெசிந்தா கேட்டாள். முத்தரசி சொன்னபோது வராத ஏதோ ஒன்று அப்போது வந்தது. அது ஞாபகம் அல்ல. ஞாபகம் போனது போனதுதான். கன்னத்தில் சூடாகப் பரவிய வெட்கம். வாசலில் சந்தனமாரி கையில் பஞ்சோடு இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

“என்னம்மா நடக்கறது அங்க? பிளக்கைப் பிடுங்கச் சொல்லு,” என்றார் தலைவர். “நீ சொன்னாத்தான் கேப்பாங்க. உன்னோட கோடைதானே இவங்களுக்கெல்லாம்.”

ஜெசிந்தா எழுந்தாள். மேடையிலிருந்து இறங்கினாள். சீட்டை மாற்றிக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம் வாயில் இருந்தது, அதை விழுங்கினாள். நான்கு பேரும் ஒதுங்கி இடம் விட்டார்கள். ஐந்தாவது ஆளாக ஃப்ரீசரில் முதுகைச் சாய்த்து நின்றாள். உள்ளே மோட்டார் ஓடும் அதிர்வு முதுகில் தெரிந்தது.

“முடியாது சார்,” என்றாள். முதல்முறை சொல்கிறவளின் குரல் நடுங்கத்தான் செய்தது.

பின்வரிசையிலிருந்து டாக்டர் ஹமீதா எழுந்து வந்து ஆறாவதாக நின்றார். முத்தரசி ஜெசிந்தாவின் முதுகில் அறைய வந்து, முதுகு ஃப்ரீசரில் இருந்ததால் தோளில் அறைந்தாள். வாசலிலிருந்து சந்தனமாரி, “இப்போ தெரியுதா நான் யாருன்னு?” என்று கேட்டாள்.

தலைவர் மைக் இல்லாமலேயே ஒன்றரை மணி நேரம் பேசினார்.